சூரைப் படகில் விழுந்த அடி

குரோய்வா முதல்முறை அறைந்தபோது தர்ஜோனோ சிரித்துவிட்டான். அவன் ஊரான தெகாலில், தெரியாமல் தப்புச் செய்தவன் சிரித்துக்கொண்டே பிடரியைச் சொறிவான். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அதற்கு அர்த்தம். ஜப்பானியப் படகில் அந்தச் சிரிப்புக்கு அந்த அர்த்தம் இல்லை.

"சிரிக்கிறியா? என்னைப் பாத்தா உனக்குச் சிரிப்பா இருக்கா?"

இரண்டாவது அறை ரப்பர் கையுறையோடு விழுந்தது. கையுறையில் மீன் செதிலும் உப்பும் ஒட்டியிருந்ததால் கன்னத்தில் தோல் உரிந்தது. அவிழ்க்கச் சொன்ன கயிற்றை அவன் இழுத்துக் கட்டியிருந்தான். அவ்வளவுதான் குற்றம். ஜாவாவில் பயிற்சிப் பள்ளியில் அவன் படித்த ஜப்பானிய மொழி, பாடப்புத்தகத்தில் ஒருவரையொருவர் வணங்கிக்கொண்டே பேசும் மொழி. படகு கிளம்பும் தோசாக் கரையின் மீனவர்கள் பேசுவது அதுபோல இல்லை. காற்றிலும் எஞ்சின் இரைச்சலிலும் பாதிச் சொல்தான் காதில் விழும். மீதியைக் கை சொல்லிக்கொடுத்தது.

குரோய்வா அந்தப் படகின் தள வேலைக்குத் தலைவன். போசுன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். படகை நடத்தும் தண்டேலுக்கு அடுத்த இடம் அவனுடையது. குள்ளம்; கழுத்தே இல்லாமல் தோளின் மேல் தலையை வைத்தாற்போல உடம்பு. மூக்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். பள்ளிக்கூடத்தை விட்டுப் படகேறிய முதல் வருஷம் அப்போதிருந்த போசுன் உடைத்த மூக்கு அது. குடித்தால் அதைத் தொட்டுக் காட்டுவான். "இத உடைச்சவன் கருமாதிக்கு நான் போயி அழுதுட்டு வந்தேன். அவன் உடைக்கலேன்னா நான் என்னிக்கோ கடல்ல போயிருப்பேன். புரியுதா?"

எல்லோரும் புரிந்ததாகத் தலையாட்டுவார்கள்.

அந்தப் படகின் தொழில் சூரை மீன் பிடிப்பது. வலை கிடையாது, கழியும் தூண்டிலும்தான். மீன் கூட்டத்தைக் கண்டதும் உயிருள்ள நெத்திலியை அள்ளி வீசுவார்கள். படகின் விளிம்பு முழுக்கக் குழாய்கள் கடல் தண்ணீரைப் பீய்ச்சும். அந்தச் சலசலப்பை இரை என்று நம்பிச் சூரை வெறிபிடித்து மேலே வரும். விளிம்பில் வரிசையாக உட்கார்ந்தவர்கள் கழியை வீசி, முள் கவ்விய கணத்தில் இழுத்துத் தலைக்கு மேலே பின்னால் எறிய வேண்டும். முள்ளின் நுனியில் மீனை மாட்டிவைக்கும் எதிர்முனை கிடையாது, மீன் காற்றிலேயே கழன்று தளத்தில் விழும். அடுத்த வீச்சு. அதற்கடுத்த வீச்சு. மூச்சு விட நேரம் கிடையாது. பின்னால் நிற்பவன் முகத்தில் மீன் வந்து அறையும். கழன்ற முள் பக்கத்திலிருப்பவன் கண்ணைத் தேடி வரும். தளம் முழுக்க மீன்கள் வாலால் முரசடித்துச் சாகும். ரத்தம் நுரைத்து ஓடும். அந்த நேரத்தில் போசுன் எல்லோருக்கும் பின்னால் கழியும் கையுமாக நடந்துகொண்டே இருப்பான். கை தளர்ந்தவன் முதுகில் கழியின் அடிப்பக்கம் இறங்கும்.

"தூங்குறியாடா? ஒங்கப்பன் வீட்டுக் குட்டையா இது? இழு!"

அடி இந்தோனேசியப் பையன்களுக்கு மட்டும் என்று சொல்ல முடியாது. ஒகாதா என்று ஒரு ஜப்பானியப் பையன் இருந்தான். மஞ்சள் சாயம் ஏற்றிய முடி, வாய் கொஞ்சம் அதிகம். அவனுடைய முன்பல் ஒன்று குரோய்வாவின் முழங்கையால் போனது. ஒகாதா அந்த ஓட்டை வழியாகப் புகையை விட்டு வேடிக்கை காட்டுவான். ஆனால் ஒகாதாவுக்கு அடி விழுந்தால் பிறகு ஒரு பீர் டின்னும் வரும். தர்ஜோனோவுக்கும் ரோகிமுக்கும் அடி மட்டும்.

ரோகிமும் தெகால்காரன்தான். இருவரும் ஒரே விமானத்தில் வந்தவர்கள். படுக்கை மேலும் கீழும். மேல் படுக்கையில் ரோகிம். அவன் கால் எப்போதும் கீழே தொங்கும், தர்ஜோனோ அதைப் பிடித்து இழுப்பான். கரைக்கு வந்தால் இரண்டு பழைய சைக்கிள்களில் கடைத்தெருவுக்குப் போவார்கள். மிளகாய் தேடுவார்கள். கிடைப்பதெல்லாம் காரமில்லாத மிளகாய். அதையும் வாங்கி, தோசாக்காரர்கள் சூரைக்குக் கடித்துக்கொள்ளும் பச்சைப் பூண்டோடு சேர்த்து இடித்துச் சம்பல் ஆக்கி ஜாடியில் வைத்துக்கொள்வார்கள். துறைமுகத்து மீன் கூடத்தில் வேலை பார்க்கும் கிழவிகள் அவர்களைப் பார்த்தால் ஆரஞ்சுப் பழம் கொடுப்பார்கள். "ஒல்லியாப் போயிட்டீங்களே, படகுல சோறு போடுறானுங்களா இல்லியா?" என்று கேட்பார்கள். கன்னத்து வீக்கத்தைப் பற்றி யாரும் கேட்டதில்லை. அந்த ஊரில் வீங்கிய கன்னம் என்றால் சூரைப் படகு என்று அர்த்தம்.

வீட்டுக்குப் போனில் பேசும்போது தர்ஜோனோ முகத்தின் நல்ல பக்கத்தைக் காட்டுவான். அம்மாவுக்கு அது போதும்.

இரண்டாம் வருஷக் கோடையில் ரோகிமின் காது போனது.

அன்று காலை நல்ல கூட்டம் அகப்பட்டிருந்தது. அலை பெரிது. படகு ஒருக்களித்து எழுந்த ஒரு நொடியில் ரோகிமின் கழி பக்கவாட்டில் சாய்ந்தது. அவன் தூண்டிலின் தங்கூசி நரம்பு பக்கத்துக் கழிகளோடு சுற்றிக்கொண்டது. மூன்று பேர் கை ஒன்றாக நின்றுபோனது. வீச்சு நின்ற இடத்தில் மீன் நிற்காது. கூட்டம் கலைந்து ஆழத்துக்குப் போய்விட்டது. கடல் சட்டென்று வெறும் தண்ணீர் ஆனது.

குரோய்வா ரோகிமைத் தோளைப் பிடித்து எழுப்பித் திருப்பினான். விரித்த உள்ளங்கையால், ஈரக் கையுறையோடு, இடது காதின் மேல் ஓங்கி அடித்தான். அடியின் சத்தம் மரப்பலகை உடைந்த மாதிரி கேட்டது. ரோகிம் விழவில்லை. நின்றபடியே சுற்றி ஒரு தூணைப் பிடித்துக்கொண்டான். பிறகு வாந்தி எடுத்தான். காதிலிருந்து மெல்லிய கோடாக ரத்தம் கழுத்துக்கு இறங்கி வந்தது.

தர்ஜோனோ மேலே ஓடினான். தண்டேல் நிஷிமோரி கண்ணாடி அறையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"தண்டேல், காதுல ரத்தம் வருது. ஆஸ்பத்திரி."

"கூட்டம் இன்னும் இங்கதான் சுத்துது. கரைக்குப் போனதும் பாக்கலாம்."

"தண்டேல், அவனால நிக்கவே முடியல."

"உக்காந்துதான பிடிக்கறது? பிடிக்கச் சொல்லு," என்று தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டார்.

கிடங்கு நிறையும்வரை படகு திரும்பவில்லை. கரையில் கம்பெனி ஆள் ஒருவர் வந்து ரோகிமை மருத்துவரிடம் கூட்டிப்போனார். மொழிபெயர்த்ததும் அவரேதான். தளத்தில் வழுக்கி விழுந்தான் என்று மருத்துவர் எழுதிக்கொண்டார். காதுச் சவ்வு கிழிந்து உள்ளே சீழ் பிடித்திருந்தது. அந்தக் காது இனிப் பெரிதாகக் கேட்காது என்றார்கள்.

"அப்படியே சொல்லியிருக்கலாமேடா, அவன் அடிச்சான்னு," என்றான் தர்ஜோனோ.

"சொல்லிட்டு? ஊருக்குப் போயி என்ன பண்றது? மூணு வருஷ ஒப்பந்தத்த முடிக்காமப் போனா எங்கப்பா மூஞ்சில எப்படி முழிப்பேன்?" ரோகிம் பஞ்சு வைத்த காதைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தான். "விடுடா. இன்னொரு காது இருக்கு."

அந்த இன்னொரு காது போதவில்லை. அதுதான் வினை. இடது பக்கத்திலிருந்து கத்தினால் ரோகிமுக்குக் கேட்காது. கேட்காததால் திரும்ப மாட்டான். திரும்பாததால் அடி விழும். தன் அடியால்தான் அவனுக்குக் கேட்கவில்லை என்று குரோய்வாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததனாலேயே அவனுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது போல இருந்தது. செவிட்டுப் பயல் என்று கூப்பிடுவான். விளக்குமாற்றுக் கட்டையால் குத்துவான். ஒருநாள் சோற்றுக் கிண்ணத்தைக் கையிலிருந்து உதைத்தான். ரோகிம் தரையில் சிந்திய சோற்றைக் கூட்டி அள்ளிக் கடலில் கொட்டிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் கிண்ணத்தைக் கழுவி வைத்தான்.

பிறகு அந்தப் பகல் வந்தது. மீன் பிடித்து முடித்து, தளத்தில் கிடந்த சூரைகளைக் கிடங்கில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கிடங்கின் கனமான மூடியைத் தூக்கிக்கொண்டு ரோகிம் முதுகு காட்டி நின்றான். இடது பக்கத்திலிருந்து போசுன் கத்தினான்.

"மூடு! மூடச் சொல்றேன்ல!"

ரோகிம் மூடவில்லை. கேட்கவில்லை.

மீனை அடித்துக் கொல்ல ஒரு மரக்கட்டை வைத்திருப்பார்கள். முழங்கை நீளம், நுனி கனமாக இருக்கும். குரோய்வா அதை எடுத்து ரோகிமின் முழங்காலுக்குப் பின்னால் போட்டான். ரோகிம் மடிந்து விழுந்தான். மூடி அவன் விரல்களின் மேல் இறங்கியது. அவன் போட்ட கத்தல் தெகால் பேச்சில் இருந்தது. அந்தப் படகில் தர்ஜோனோ ஒருவனுக்குத்தான் அது புரியும். ரோகிம் அம்மாவைக் கூப்பிட்டான்.

கட்டை மறுபடி மேலே போனது.

தர்ஜோனோ கையில் கழி இருந்தது. யோசித்தான் என்று பின்னால் யாரிடமும் அவன் சொன்னதில்லை. கழியின் அடிப்பக்கத்தைத் திருப்பி, சூரையை இழுக்கிற அதே வீச்சில், குரோய்வாவின் நெற்றியில் இறக்கினான். புருவத்துக்கு மேலே தோல் வாய் பிளந்தது. ரத்தம் கண்ணை மூடிவிட்டது. குரோய்வா ஒரு நொடி ஆச்சரியத்தோடு நின்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு மாடு மாதிரி பாய்ந்து வந்தான்.

இருவரும் மீன்களின் மேல் விழுந்தார்கள். பிடிக்க ஒன்றுமில்லை, எல்லாம் வழுக்கல். தர்ஜோனோ அவன் காதைக் கடித்தான். குரோய்வா கட்டை விரலை அவன் கண்ணுக்குள் அழுத்தினான். தர்ஜோனோ அவன் சாய்ந்த மூக்கிலேயே நெற்றியால் மோதினான். ஒருமுறை, இன்னொருமுறை, உள்ளே ஏதோ நறுக்கென்றது. வாயில் ரத்தமும் செதிலும். இத்தனை நாள் கூசிப்போய்க் கிடந்த உடம்புக்கு அந்தச் சத்தம் இனித்தது என்பதுதான் உண்மை. கைக்கெட்டிய ஒரு சூரையை வாலைப் பிடித்து எடுத்து அதனாலும் அடித்தான்.

"நிறுத்துடா! செத்துடுவான்டா!" என்று ஒகாதாவின் குரல் எங்கோ கேட்டது.

தர்ஜோனோவின் இடுப்பைப் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்தார்கள். அந்த நொடியில் குரோய்வாவின் கை விடுபட்டது. கிடந்த கட்டையை எடுத்தான். முகத்தைக் காக்கத் தர்ஜோனோ வலது கையைத் தூக்கினான். கட்டை முன்கையில் விழுந்தது. கை, வளையக் கூடாத இடத்தில் வளைந்தது.

தண்டேல் கீழே இறங்கி வந்தார். குரோய்வாவின் முகத்தைப் பார்த்தார். தர்ஜோனோவைப் பார்த்து, "என் படகுல போசுனைக் கை நீட்டி அடிக்கிறவனுக்கு இடம் இல்ல," என்றார். தளம் கழுவுகிற குழாயை எடுத்து, முழு விசையோடு அவன் மேல் பீய்ச்சினார். தண்ணீர் அவனை உருட்டிக்கொண்டு போய்ச் சுவரில் வைத்தது. ஒடிந்த கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவன் கத்தினான். பிறகு கயிறுகள் வைக்கிற அறைக்குள் தள்ளி வெளியே தாழ் போட்டார்கள்.

அந்த இருட்டில் அவன் கரை வரும்வரை கிடந்தான். ஒகாதா சோறு கொண்டுவந்து வைத்தான். இரண்டு பலகைத் துண்டுகளை வைத்துக் கையைக் கட்டிவிட்டான்.

"செம அடிடா அது. மீனால அடிச்சே பாரு," என்று சிரிக்கப் பார்த்தான். தர்ஜோனோ சிரிக்கவில்லை. ஒகாதாவும் நிறுத்திக்கொண்டான். "இறங்கினதும் கம்பெனிக்காரன் வருவான். கார்ல ஏறாத. நேரா ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோயிடுவானுங்க. இதுக்கு முன்னாடி ஒருத்தனை அப்படித்தான் அனுப்பினானுங்க."

துறைமுகத்தில் கம்பெனி ஆள் கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். தர்ஜோனோ காரைத் தாண்டி நடந்தான். பின்னால் கூப்பிட்டார்கள். ஓடினான். தெருக்கோடியில் போலீஸ் சாவடி. உள்ளே தனியாக உட்கார்ந்து மதியச் சாப்பாட்டைப் பிரித்துக்கொண்டிருந்த போலீஸ்காரர், பலகை கட்டிய கையையும் ரத்தம் காய்ந்த சட்டையையும் பார்த்துக் குச்சிகளைக் கீழே வைத்தார். தர்ஜோனோவுக்குத் தெரிந்த ஜப்பானிய மொழி அத்தனையும் அப்போது மறந்துபோனது. படகில் தினமும் கேட்ட ஒரே சொல்தான் வந்தது.

"அடி," என்றான். "அடி. அடி."

கடலில் நடந்த விஷயம் என்பதால் கடலோரக் காவல்காரர்களும் வந்தார்கள். இந்த முறை மொழிபெயர்க்க வேறு ஆள் வந்தார். படகுக்காரர்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியே கூப்பிட்டுக் கேட்டார்கள். பெரியவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: இந்தோனேசியப் பையனுக்குக் கிறுக்குப் பிடித்தது, போசுன் தடுத்தான். ஒகாதா மட்டும் உதட்டைத் தூக்கிப் பல் ஓட்டையைக் காட்டி, "இது யாரு பண்ணினதுன்னு அவன்கிட்டயே கேளுங்க. கேட்டுட்டு மத்ததையும் கேளுங்க," என்றிருக்கிறான்.

ரோகிம், நசுங்கிய விரல்களில் கட்டோடு, தான் வழுக்கி விழுந்ததாகச் சொன்னான். காதுக்கும் அதையே சொன்னான். யாரும் தன்னை அடித்ததில்லை என்றான்.

அதை அதிகாரி படித்துக் காட்டியபோது தர்ஜோனோ தப்பாகக் கேட்டோமோ என்று இன்னொருமுறை படிக்கச் சொன்னான். கை ஒடிந்தபோது வராத அழுகை அப்போது வந்தது.

குரோய்வாவுக்கு நீதிமன்றத்தில் அபராதம் விதித்தார்கள். அந்தப் பருவத்தின் மிச்ச நாள் கரையில் இருந்தான். தர்ஜோனோ அடித்ததும் அடிதான் என்றாலும் அதை அதிகாரிகள் பெரிதுபடுத்தவில்லை. ஆஸ்பத்திரியில் தர்ஜோனோவின் கையில் உலோகத் தகடு வைத்துத் தைத்தார்கள். கோச்சி நகரத்தில் தொழிலாளர் சங்கம் நடத்தும் யசுவோகா என்ற பெண்மணி தன் அலுவலக மாடியில் அவனைத் தங்கவைத்தார். அங்கே அவன் இடது கையால் சாப்பிடவும் பல் துலக்கவும் பழகினான். படியில் யாராவது வேகமாக ஏறி வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்வான். கை கூடியதும் மியாசாகிப் பக்கத்துச் சூரைப் படகு ஒன்றில் யசுவோகா இடம் பிடித்துக் கொடுத்தார். அங்கேயும் கத்துவார்கள், கெட்ட வார்த்தை சொல்வார்கள். கை நீட்ட மாட்டார்கள். முதல் மாதம் அதை நம்பாமல் முதுகை எப்போதும் ஏதாவது சுவரில் வைத்துக்கொண்டே வேலை பார்த்தான்.

கோடை முற்றினால் சூரை வடக்கே போகும். தெற்குப் படகுகள் எல்லாம் பின்னாலேயே போய், கெசென்னுமா துறைமுகத்தில் மீன் இறக்கும். அங்கேதான் ஒரு முற்பகலில், ஐஸ் ஆலைக்கு முன்னால், தர்ஜோனோ ரோகிமைப் பார்த்தான். பழைய படகு இரண்டு படகு தள்ளிக் கட்டியிருந்தது.

ரோகிம் சிரித்துக்கொண்டு வந்தான். "டேய் ஜோனோ! கை எப்படிடா இருக்கு?"

தர்ஜோனோ இடது கையால் அவன் வாயில் குத்தினான்.

ரோகிம் ஐஸ் குவியலில் மல்லாந்து விழுந்தான். எழுந்தான். அவனும் சும்மா இருக்கவில்லை; தலையால் தர்ஜோனோவின் வயிற்றில் முட்டித் தள்ளினான். இருவரும் நொறுங்கிய ஐஸில் புரண்டார்கள். சுற்றிலும் வண்டிகள் நின்றன. ஐஸ் ஆலைத் தொழிலாளிகள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பார்த்தார்கள்.

"வழுக்கி விழுந்தியா நீ? ஆ? வழுக்கி விழுந்தியா?" ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு குத்து. "என் கைய உடைச்சது யாருக்காகடா?"

"நான் கேட்டேனா? நான் ஒன்னைக் கேட்டேனாடா?" ரோகிம் அவன் கழுத்தை நெரித்தான். "நீ போயிட்ட! நான் அதே படகுல அவன்கூடப் படுத்து எழுந்திரிக்கணும்ல!"

தர்ஜோனோ கையை உதறிவிட்டு மேலே ஏறி உட்கார்ந்தான். ஒடிந்த வலது கையில் இன்னும் முழுப் பலம் வரவில்லை. இடது கையால்தான் அடித்தான். அது ரோகிமின் வலது பக்கத் தலையில் விழுந்தது. மறுபடி ஓங்கினான்.

"அந்தப் பக்கம் வேணாம்!" என்று ரோகிம் கத்தினான். இரண்டு கையாலும் வலது காதைப் பொத்திக்கொண்டான். முகம், மூக்கு, எல்லாவற்றையும் திறந்து போட்டுவிட்டு அந்தக் காதை மட்டும் பொத்தினான். "இது ஒண்ணுதான்டா இருக்கு! இடது பக்கம் அடி! எவ்வளவு வேணா அடி! இந்தக் காத விட்டுடு!"

தர்ஜோனோவின் கை அப்படியே நின்றது. ஐஸ் தண்ணீர் இருவர் சட்டைக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்தது. அவன் ரோகிமின் மேலிருந்து இறங்கிப் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான்.

நிமிர்ந்தபோது, பழைய படகின் விளிம்பில் சாய்ந்து சிகரெட் பிடித்தபடி குரோய்வா நிற்பது தெரிந்தது. இந்தப் பருவம் திரும்ப ஏறியிருந்தான். புருவத்தைப் பிளந்துகொண்டு தழும்பு. மூக்கு இப்போது மறுபக்கம் சாய்ந்திருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தர்ஜோனோவுக்குப் பழைய பயம் வந்தது. அதன் கூடவே, ஓடிப்போய் இன்னும் ஒரு அடி போட வேண்டும் என்ற ஆசையும் எழுந்தது. குரோய்வா சிகரெட்டைத் தண்ணீரில் எறிந்துவிட்டு உள்ளே போனான்.

"இப்பவும் அடிக்கிறானா?" என்றான் தர்ஜோனோ.

ரோகிம் உடைந்த உதட்டை ஐஸால் ஒற்றிக்கொண்டான். "கையத் தூக்குவான். ஒகாதா இருந்தா வேலைய விட்டுட்டு அவனையே பாத்துக்கிட்டு நிப்பான். அப்புறம் போசுன் கைய இறக்கிடுவான். ஒகாதா இல்லேன்னா..." தோளைக் குலுக்கினான். "முன்ன மாதிரி இல்ல."

"எங்க படகுல ஆள் தேடுறாங்க."

"எனக்கா சொல்ற?"

"இல்ல, ஐஸுக்குச் சொல்றேன். செவிடா."

ரோகிம் அவனை மண்டையில் தட்டினான். சட்டையிலிருந்து ஐஸை உதறிக்கொண்டே, "அவங்க கேட்டப்ப எனக்கு வாய் வரலடா," என்றான். தர்ஜோனோ மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை. ரோகிம் அடுத்த பருவத்தில் தர்ஜோனோவின் படகுக்கு மாறி வந்தான். வந்த பிறகும்கூட, குடும்பத்தில் சொத்துச் சண்டை போட்ட அண்ணன் தம்பி மாதிரி சில நாள் பேசாமலே இருப்பார்கள்.

அன்றைக்கு இருவரும் துறைமுகத்து மீனவர் குளியல் கூடத்துக்குப் போனார்கள். வாசலில் உட்கார்ந்திருந்த அம்மாள் அவர்களை மேலும் கீழும் பார்த்தார்.

"வெளிய நல்லாக் கழுவிட்டுத்தான் தொட்டில இறங்கணும். என் தண்ணில ரத்தம் கலந்துச்சு, அப்புறம் நான் அடிப்பேன்." துண்டுகளை நீட்டினார். "யாரு ஜெயிச்சது?"

"நான்," என்றார்கள் இருவரும்.